வேலைக்குப் போகும் பெண்கள் கேட்கும் கேள்விகள்: இன்டர்வியூ அறை முதல் பிரசவ விடுப்பு வரை

நான் வழக்கறிஞர். சில நிறுவனங்களில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராக இருக்கிறேன். விழிப்புணர்வுக் கூட்டம் என்று கூப்பிடுவார்கள். ஹாலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து, "மேடம், ஒண்ணு கேக்கணும், எனக்கில்ல, என் ஃப்ரெண்டுக்கு" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஃப்ரெண்டுகள் கேட்டவைதான் இங்கே இருக்கின்றன. பதில்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டை மனதில் வைத்துச் சொன்னவை.

ஒரு குறிப்பு. சம ஊதியச் சட்டமும் மகப்பேறு பயன் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன. சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் மாறியிருக்கின்றன. கீழே சொல்லியிருக்கும் உரிமைகளின் சாரம் மாறவில்லை.

பெண்கள்தான் இப்போது எல்லா வேலையிலும் இருக்கிறார்களே, இன்னும் என்ன பாகுபாடு?

இந்தக் கேள்வியை ஆண்கள் மட்டும் கேட்பதாக நினைக்காதீர்கள். நல்ல பதவியில் இருக்கும் பெண்களும் கேட்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது, அவர்கள் தாண்டி வந்த தூரம் அப்படி.

1951-ல் அன்னா ராஜம் ஐஏஎஸ் தேர்வில் வெற்றி பெற்றபோது, நேர்முகத் தேர்வுக் குழுவே வெளியுறவுப் பணி போன்ற "பெண்களுக்கு ஏற்ற" பணியைப் பார்க்கச் சொன்னது. அவர் சென்னை மாகாணத்தைக் கேட்டு வாங்கினார். திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்று பணி ஆணையிலேயே எழுதியிருந்தது. முதலமைச்சராக இருந்த ராஜாஜிக்கு ஒரு பெண்ணைச் சப்-கலெக்டராக வெளியூருக்கு அனுப்பத் தயக்கம். தலைமைச் செயலகத்தில் ஒரு பதவி தருவதாகச் சொல்லிப் பார்த்தார். அன்னா ராஜம் விடவில்லை. ஓசூருக்குச் சப்-கலெக்டராகப் போனார். பின்னாளில் மும்பை அருகே நவசேவா துறைமுகத்தைக் கட்டி எழுப்பும் பொறுப்பு வரை அவரிடம் வந்தது.

சென்னையில் படித்த சி.பி. முத்தம்மா அதற்கும் முன்பே, 1949-ல், வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியின் விதிப்படி ஒரு பெண் அதிகாரி கல்யாணம் செய்யுமுன் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணமான பெண்ணுக்கு அந்தப் பணியில் நியமனம் கேட்கும் உரிமையே கிடையாது. பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு அவசரமாகப் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. 1979-ல் தீர்ப்பெழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வழக்கை முடித்து வைத்தாலும் அந்த விதிகளை வெளுத்து வாங்கினார்.

அன்றைக்குப் பாகுபாடு கெஜட்டில் அச்சாகி இருந்தது. அதனால் நீதிமன்றத்தில் கொண்டுபோய் நீட்ட முடிந்தது. இன்றைக்கு எந்த நிறுவனத்தின் ஆணையிலும் "கல்யாணமானால் வேலை கிடையாது" என்று இருக்காது. வாயால் சொல்வார்கள், அல்லது சொல்லாமலே செய்வார்கள். இப்போது வரும் புகார்களில் பாதிக்கு மேல் என்னைத் திணற அடிப்பது இந்த "எழுத்தில் எதுவும் இல்லை" என்பதுதான். கீழே பல இடங்களில் "எழுதி வாங்குங்கள், மெயில் போடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். சலித்துக்கொள்ளாதீர்கள்.

புள்ளிவிவரம் என்ன சொல்கிறது? கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா?

கூடியிருக்கிறது. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புப்படி 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7 சதவீதம். ஆனால் அந்த உயர்வில் பெரும்பகுதி கிராமப்புறத்தில், சுயதொழில் என்ற தலைப்பின் கீழ் வருகிறது. வீட்டுத் தொழிலிலோ வயலிலோ கூலியில்லாமல் உழைக்கும் பெண்ணும் அந்தக் கணக்கில் உண்டு. மாதச் சம்பளத்துக்கு இத்தனை பேர் புதிதாகப் போய்விட்டார்கள் என்று இதை வாசிக்கக் கூடாது.

தமிழ்நாட்டின் கதை கொஞ்சம் வேறு. இந்தியா முழுக்கத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரு மாநிலத்தில் இருக்கிறார்கள். திருப்பூர் பனியன், திண்டுக்கல் நூற்பாலை, ஆம்பூர் ஷூ, ஸ்ரீபெரும்புதூர் செல்போன். அரசு வேலையில் 1989-லேயே பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்துவிட்டது. ஆக, கதவு திறந்திருக்கிறது. உள்ளே போன பிறகு எந்த நாற்காலி, எத்தனை வருஷத்துக்கு என்பதில்தான் சிக்கல்.

இன்டர்வியூவில் "கல்யாணம் எப்போ? குழந்தை பிளான் இருக்கா?" என்று கேட்கிறார்கள். கேட்கலாமா?

கேட்பதையே குற்றமாக்கும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. ஆனால் வேலைக்கு எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் 1976 முதல் இருக்கிறது. கேள்வி தப்பிவிடும், அந்தக் கேள்வியின் பேரில் வேலையை மறுப்பது மாட்டும். மறுத்ததற்கு இதுதான் காரணம் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் ஒரு விரிவான செய்தி வெளியிட்டது. ஃபாக்ஸ்கான் நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த விவகாரத்தில் நான் கவனித்தது, ஆள் எடுக்கும் வேலையைச் செய்தவை வெளி ஏஜென்சிகள். நிறுவனத்தின் கொள்கைப் புத்தகத்தில் எல்லாம் சரியாக இருக்கும், கேட்டில் நிற்கும் ஏஜென்சி ஆள் காலில் மெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். இது ஒரு நிறுவனத்தின் பழக்கம் மட்டும் என்று நினைப்பவர்கள் எந்தத் தொழிற்பேட்டையிலும் நடக்கும் ஆளெடுப்பைப் போய்ப் பார்க்கலாம்.

நடைமுறைக்கு வருவோம். கேட்டால் என்ன சொல்வது? "வேலைக்குத் தேவையான நேரத்தை என்னால் கொடுக்க முடியும்" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். அன்று சாயங்காலமே, இன்டர்வியூவுக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் போடுங்கள். அதில் "திருமணத் திட்டம் குறித்தும் கேட்டீர்கள்" என்று ஒரு வரி இருக்கட்டும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் மதிப்பு வரும்.

பிரசவ விடுப்பு எத்தனை நாள்? எல்லாருக்கும் ஒன்றா?

ஒன்றில்லை. இங்கேதான் ஏணிப்படி அதிகம்.

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 12 மாதம், 2021 ஜூலை முதல். அதற்கு முன் 9 மாதம். தனியார் நிறுவனத்தில் 26 வாரம், 2017 முதல். அதற்கு முன் 12 வாரம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் தனியாரில் 12 வாரம்தான். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும், அம்மா நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்க முடியாது.

கட்டடத் தொழிலாளிக்கும் பூ கட்டுபவருக்கும் இதில் எதுவும் கிடையாது. நலவாரியப் பதிவு, அரசின் மகப்பேறு உதவித் திட்டம் என்று தனியாக அலைய வேண்டும்.

26 வாரத்தை வாழ்த்தி வரவேற்றவர்களில் நானும் உண்டு. ஆனால் அதன் பின்விளைவையும் சொல்ல வேண்டும். ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவருக்கு விடுப்புக்காலப் பணத்தை ஈஎஸ்ஐ கழகம் கொடுத்துவிடும். ஈஎஸ்ஐ சம்பள வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டியவருக்கு முழுப் பணத்தையும் முதலாளியே கையிலிருந்து கொடுக்க வேண்டும். சிறு நிறுவனக்காரர் மனக்கணக்குப் போடுகிறார். 28 வயதுப் பெண்ணையும் 28 வயது ஆணையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு, ஒருவருக்கு ஆறு மாதச் சம்பளம் செலவாகலாம் என்று நினைக்கிறார். மேலே சொன்ன "குழந்தை பிளான் இருக்கா?" கேள்வி இங்கேயிருந்துதான் பிறக்கிறது. அப்பாவுக்கும் கட்டாய விடுப்பு என்று வந்தால் அந்தக் கணக்கின் கூர்மை குறையும். மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் உண்டு. தனியாரில் சட்டப்படி பூஜ்யம்.

1981-ல் ஏர் இந்தியா வழக்கு ஒன்று வந்தது. விமானப் பணிப்பெண் முதல் முறை கர்ப்பமானால் வேலை போய்விடும் என்று அன்று விதி. அதை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அதே தீர்ப்பு, வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்யக் கூடாது என்ற விதியை அப்படியே இருக்க விட்டது. நம்முடைய முன்னேற்றம் எல்லாம் இப்படி அரைப்படி அரைப்படியாகத்தான் வந்திருக்கிறது.

எனக்கு ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். அரசு வேலை. மூன்றாவதுக்கு விடுப்பே கிடையாது என்கிறார்கள்.

தமிழ்நாட்டு விதி அப்படித்தான் இருந்தது. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் பெற்ற ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை, மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு விடுப்புக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்தது. மகப்பேறு விடுப்பு என்பது இனப்பெருக்க உரிமையின் பகுதி, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக் கொள்கையைக் காட்டி அதை ஒரேயடியாக மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அலுவலகத்தில் வாயால் மறுத்தால் ஏற்காதீர்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, மறுப்பதென்றால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். பேனாவை எடுத்ததும் பல மேலதிகாரிகளுக்குச் சட்டம் ஞாபகம் வந்துவிடும்.

நான் கான்ட்ராக்ட் ஊழியர். கர்ப்பமாக இருக்கும்போது கான்ட்ராக்ட் முடிகிறது என்றால்?

தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு பயன் உண்டு என்று 2000-லேயே டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கான்ட்ராக்ட் காலம் முடிந்த பிறகும் அந்தப் பயனைக் கொடுத்தாக வேண்டும் என்று 2023-ல் இன்னொரு தீர்ப்பு. இரண்டையும் பிரிண்ட் எடுத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்பது நடக்கிறதா?

"ஒரே வேலை" என்ற இடத்தில்தான் ஏமாற்றுகிறார்கள்.

கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பெண் சும்மாடு வைத்துக் கலவைச் சட்டியைச் சுமந்து மூன்றாம் மாடி ஏறுகிறாள். மேலே நின்று வாங்கிக் கொடுக்கிறான் ஒரு பையன். கூலி வாங்கும்போது ஆண் ஆளுக்கு ஒரு விலை, பெண் ஆளுக்கு ஒரு விலை. மேஸ்திரியைக் கேட்டால் "அது வேற வேலை, இது வேற வேலை" என்பார். அந்தப் பையன் இரண்டு வருஷத்தில் கரணையைப் பிடித்துக் கொத்தனாராகிவிடுவான், பத்து வருஷத்தில் மேஸ்திரி. அந்தப் பெண் முப்பது வருஷம் கழித்தும் சித்தாள். சித்தாளிலேயே முதுகு வளைந்து வீட்டுக்குப் போவாள். சம்பள வித்தியாசத்தைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, கரணையை யாரும் அவள் கையில் கொடுப்பதில்லை. நூறு நாள் வேலை வந்தபோது கிராமத்துப் பெண்கள் அதில் குவிந்ததற்கு ஒரு காரணம், அங்கே ஆண் கூலி பெண் கூலி என்று பிரிவு இல்லை.

அலுவலகத்திலும் இதே வித்தைதான், பெயர் மட்டும் வேறு. 1987-ல் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். அவர்களை அதிகாரிகளோடு இணைத்து நியமித்திருக்கிறோம், அதனால் தனி வகை என்றது கம்பெனி. நீதிமன்றம் ஏற்கவில்லை. தொழிற்சங்க ஒப்பந்தம் இருக்கிறது, கம்பெனியிடம் காசு இல்லை என்ற சாக்குகளையும் ஏற்கவில்லை.

2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே மேட்ச் ஃபீஸ் என்று அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். நல்ல செய்தி, கை தட்டினோம். ஆனால் அப்போது ஆண்களின் உச்ச வருடாந்திர ஒப்பந்தம் 7 கோடி, பெண்களுடையது 50 லட்சம். பெண்களுக்கு ஆடக் கிடைத்த போட்டிகளும் குறைவு. உங்கள் அலுவலகத்தில் "பே ஸ்கேல் எல்லாருக்கும் ஒன்றுதான்" என்று ஹெச்ஆர் சொன்னால், ஸ்கேலோடு நிற்காமல் போனஸ், இன்சென்டிவ், ஆன்சைட் வாய்ப்பு, எந்த கிரேடில் சேர்த்தார்கள் என்று எல்லாவற்றையும் கேளுங்கள்.

நான் துணிக்கடையில் வேலை செய்கிறேன். உட்கார்ந்தால் திட்டுகிறார்கள். சட்டம் இருக்கிறதாமே?

இருக்கிறது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலையைத் தவிர்க்க, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் இது 2018-லேயே வந்தது. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் தெருவில் இறங்கிக் கேட்டு வாங்கியது.

இங்கே பல கடைகளில் ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டார்கள், இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்கு. தீபாவளி நேரத்தில் தி.நகர்ப் பக்கம் எந்தப் பெரிய கடைக்குள்ளும் கண்ணைத் திறந்துகொண்டு போனால் தெரியும். பிரித்துப் போட்ட புடவையை மடிக்கும் சாக்கில் ஒரு பெண் கவுண்டருக்குப் பின்னால் குனிவாள், அப்படியே இரண்டு நிமிஷம் தரையில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து செக்ஷன் பெண் ஃப்ளோர் மேனேஜர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பாத்ரூமுக்கு இரண்டு மாடி இறங்கிப் போக வேண்டும், போனால் நேரம் குறிப்பார்கள், அதனால் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதும் சிறுநீர்த் தொற்றும் இந்த வேலையின் இலவச இணைப்பு. ஆண் ஊழியரும் நிற்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. அவர் டீக்கடைக்கு இறங்கிப் போய் வந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

புகார் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வரிடம் போக வேண்டும். தனியாகக் கொடுக்காதீர்கள், வேலை போகும். நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

நைட் ஷிப்ட் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?

உங்கள் சம்மதம் வேண்டும். போக்குவரத்து, பாதுகாப்பு, ஓய்வறை நிறுவனத்தின் பொறுப்பு.

1948-ன் தொழிற்சாலைச் சட்டம் இரவு 7 முதல் காலை 6 வரை பெண்ணை வேலைக்கு வைக்கவே தடை போட்டிருந்தது. பெண்களைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி இரவுப் படியும் ஓவர்டைமும் ஆண்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது, பாதுகாப்பு நிபந்தனைகளோடு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ராத்திரி முழுக்க நிற்பதைப் பற்றி அந்தச் சட்டம் கவலைப்பட்டதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2024-ல் கொல்கத்தாவில் பணியிலிருந்த பெண் டாக்டர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கொல்லப்பட்டார். முடிந்தவரை பெண் டாக்டர்களுக்கு இரவுப் பணி கொடுக்காமல் இருக்கலாம் என்று மேற்கு வங்க அரசு ஒரு யோசனை சொன்னது. பாதுகாப்புக் கொடுப்பது உங்கள் கடமை, இரவில் வேலை செய்யாதே என்று பெண்ணிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது.

மேனேஜர் அத்துமீறுகிறார். யாரிடம் போவது?

பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013-ன் சட்டம் இது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி என்ற அரசுத் திட்ட ஊழியர் 1992-ல் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அந்தக் கொடுமையைத் தொட்டு எழுந்த விசாகா வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகள் கொடுத்தது. அதைச் சட்டமாக்க 16 வருஷம் எடுத்தது நாடாளுமன்றம். பன்வாரி தேவி தாக்கப்பட்டது அவர் வேலையைச் செய்ததற்காக என்பது பல நேரம் மறந்து போகிறது.

குழுவின் தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர், என்னைப் போல. கடைசிச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். காரணம் சரியாக இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை உங்களுக்கு இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம், பெரிய கம்பெனிக்கு அது ஒரு டீம் லஞ்ச் செலவு.

கவனிக்க வேண்டிய ஒன்று, "பேசித் தீர்த்துக்கலாம்மா" என்று குழுவே ஆரம்பிக்கக் கூடாது. சமரசம் நீங்கள் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் கைமாறக் கூடாது. பல குழுக்களில் முதல் நாளே சமரசப் பேச்சுத்தான் நடக்கிறது. "குடும்பஸ்தன், பொண்ணு காலேஜ் படிக்கிறா" என்று குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பத்தைப் பற்றிப் புகார் கொடுத்தவரிடம் உருகுவார்கள்.

மேல்பதவியில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2021-ல் தமிழ்நாட்டில் ஒரு பெண் எஸ்பி, சிறப்பு டிஜிபி மீது புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். செங்கல்பட்டு அருகே சுங்கச்சாவடியில் அவர் காரைப் போலீஸ்காரர்களே மறித்தார்கள். அந்தச் சிறப்பு டிஜிபிக்கு 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறை விதித்தது. ஐபிஎஸ் அதிகாரியையே வழிமறித்தார்கள் என்றால், கடையில் பில் போடும் பெண் எத்தனை டோல்கேட் தாண்ட வேண்டும்?

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், தப்பான எண்ணம் இல்லை" என்கிறார். அது செல்லுமா?

செல்லாது. 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு ஐடி நிறுவன வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. செய்தவரின் நோக்கத்தைவிட, அந்தச் செயல் அந்தப் பெண்ணை எப்படிப் பாதித்தது என்பதே அளவுகோல்.

பொய்ப் புகார் கொடுத்தால் பெண்ணுக்குத் தண்டனையாமே?

வேண்டுமென்றே, பொய் என்று தெரிந்தே கொடுத்தால் நடவடிக்கை உண்டு. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் முதல் பாதியை மட்டும் ஸ்லைடில் போடுவார்கள். நான் இரண்டாம் பாதியைப் படித்துக் காட்டச் சொல்வேன்.

வேலை நன்றாகத்தான் செய்கிறேன். புரமோஷன் மட்டும் வருவதில்லை. என்ன காரணம்?

ஒரு விசாரணையில் நடந்தது. புகார்க் குழு உட்கார்ந்திருக்கிறது. சாட்சியாக வந்த மேலாளர் ஒருவர் வந்ததும் வராததுமாக, எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினரைப் பார்த்து, "மேடம், அப்படியே காபி சொல்லிடுங்களேன்" என்றார். அவர் அந்த மேலாளரைவிட இரண்டு கிரேடு மேலே. இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்த ஆண் உறுப்பினரைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

பிறந்தநாள் கேக், பொங்கல் விழாக் கோலம், மீட்டிங் மினிட்ஸ், புதிதாக வந்தவருக்குக் கற்றுக்கொடுப்பது எல்லாம் பெண்கள் தலையில். அப்ரைசலில் இதற்கு மார்க் கிடையாது. மார்க் கிடைக்கும் வேலை வரும்போது "அவங்களுக்குக் குழந்தை சின்னது, டிராவல் கஷ்டம்" என்று அவர்களைக் கேட்காமலே முடிவு செய்துவிடுவார்கள். அக்கறையாகச் செய்கிறார்கள் என்பதுதான் இதில் கொடுமை, கோபப்படவும் முடியாது.

ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுக்கும் வழக்கு 2020-ல் தீர்ப்பானது. கிராமப் பின்னணியிலிருந்து வரும் ஜவான்கள் பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்று அரசு வாதிட்டது. மற்றவர் மனத்தடைக்குப் பெண் விலை கொடுக்க வேண்டும் என்ற வாதம். நீதிமன்றம் அதை நிராகரித்தது. அலுவலகங்களில் "கிளையன்ட் ஒத்துக்க மாட்டார்" என்ற பெயரில் அதே வாதம் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு பாதி வீட்டில் இருக்கிறது. 2024-ன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளுக்கு 289 நிமிஷம் அதில் செலவிடுகிறார், ஆண் 88 நிமிஷம். சாயங்காலம் ஏழு மணிக்கு வைக்கும் மீட்டிங்கில் யார் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார் என்பதை இந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும்.

செய்ய வேண்டியது: அப்ரைசலுக்கு முன் நீங்கள் செய்ததை எண்ணோடு எழுதிக் கொடுங்கள். உங்களைத் தாண்டி ஒருவருக்குக் கொடுத்தால், எந்த அளவுகோலில் என்று மெயிலில் கேளுங்கள். சண்டையாகக் கேட்க வேண்டியதில்லை.

என் மேலதிகாரி பெண். அவர்தான் அதிகம் படுத்துகிறார். பெண்ணுக்குப் பெண்தானே எதிரி?

ஆண் மேலதிகாரி படுத்தும்போது "ஆணுக்கு ஆணே எதிரி" என்று யாரும் சொல்வதில்லை. அவர் மோசமான மேலதிகாரி என்றால் அதற்கான புகாரைக் கொடுங்கள்.

சங்கம் சேர்ந்தால் ஏதாவது மாறுமா?

மாறியிருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்தில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், ஆயிரக்கணக்கில் வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். பெரிய சங்கங்களின் ஆண் தலைவர்களைப் பக்கத்திலேயே வர விடவில்லை. கூடையைச் சுமப்பது நாங்கள், பேச்சுவார்த்தைக்குப் போவது நீங்களா என்பது அவர்கள் கேள்வி. பெண்கள் ஒற்றுமை என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒன்பது நாளில் 20 சதவீதத்தைத் திரும்ப வாங்கினார்கள். அந்த அமைப்பு பின்னால் உடைந்தது, அது தனிக் கதை.

திண்டுக்கல்லில் 2021 ஜனவரியில் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண்ணை அவருடைய சூப்பர்வைசர் கொன்றார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் அதை விடவில்லை. 2022-ல் ஆலை நிர்வாகத்தோடும் ஹெச் அண்டு எம் முதலான வெளிநாட்டு பிராண்டுகளோடும் ஒப்பந்தம் போட்டது. பாலினத்தோடு சாதிப் பாகுபாட்டையும் அதில் எழுத வைத்தார்கள். தையல் லைனிலேயே பயிற்சி பெற்ற பெண்கள் கண்காணிக்க வழி செய்தார்கள். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டரில் கை வைக்க முடியும் என்பதுதான் அதன் பலம், 50,000 ரூபாய் அபராதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும்.

நான் வீட்டு வேலை செய்கிறேன். எனக்கு ஹெச்ஆரும் இல்லை, குழுவும் இல்லை. நான் எங்கே போவது?

2013-ன் சட்டம் உங்களையும் சேர்த்தே எழுதப்பட்டது. நீங்கள் வேலை செய்யும் வீடு உங்கள் பணியிடம். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தைக் கேளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் வாய்வழியாகச் சொல்லலாம், எழுதிக்கொள்வது அவர்கள் வேலை. பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், மாவட்ட நீதிமன்றத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், அல்லது 15100-க்குப் போன் போடலாம். அவசரம் என்றால் 181. மனுவைக் கொடுத்ததும் தேதி முத்திரை குத்திய நகல் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். "அப்புறம் வாம்மா, தரோம்" என்றால் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருங்கள்.